இரண்டு விரல் அகலக் கண்ணாடிக்கு மண் வெட்டிய வரலாறு

குமாசி நகரில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில், மண் வெட்டாமல் எந்தத் திட்டமும் தொடங்கியதாகக் கருதப்பட மாட்டாது. ஒரு பெரிய மனிதர் வந்து புதுக் கடப்பாரையால் மூன்று கொத்து கொத்தி, போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். நூலகமானாலும் சரி, கழிப்பறையானாலும் சரி. கொத்திய இடத்தில் பிறகு ஏதாவது எழுந்ததா என்று கேட்பது நாகரிகமல்ல.

ஆராய்ச்சி மாணவி செர்வா போன்சு இந்த நாகரிகம் தெரியாதவள். ஒரு புட்டியில் மருந்து கலந்த தண்ணீர் ஊற்றி, அதில் கண்ணாடித் துண்டை மூழ்கவிட்டு, ஆறு மணி நேரம் ஒரே சூட்டில் வைப்பாள். கண்ணாடி மேல் துத்தநாகக் கம்பிகள் முளைக்கும். தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தால் வரும் பருமன். கோடிக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும். வெயில் பட்டால் அவற்றில் மின்சாரம் ஓடும், ஒரு குட்டி விளக்கு எரியும். மாதக் கடைசிக்குள் அந்த விளக்கு எரியாவிட்டால் அவளுக்குப் பட்டம் கிடையாது. மூன்று வருட உழைப்பு தண்ணீரில் போட்டதுதான்.

எங்கள் ஊர் மின்சாரம் ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஜெனரேட்டர் கேட்டுத் திட்டத் தொடக்க அலுவலர் திரு. அடு-போக்யேயிடம் போனாள். ஆய்வகப் பணியாளனான நானும் கூடப் போனேன்.

"மண் எப்போ வெட்டினீங்க?" என்றார் அவர்.

"இதுல மண்ணே கிடையாது சார். கண்ணாடி மேல, தண்ணிக்குள்ள முளைக்குது."

"மண்ணு இல்லாம முளைக்கிற திட்டம் எங்க ஃபைல்லயே கிடையாதும்மா. மண் வெட்டினா தொடக்கச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தா ஜெனரேட்டர்."

"ஆய்வகத்துல ஒரு பொட்டு தூசி விழுந்தாலும் எல்லாம் போச்சு சார்!"

"அப்படியா? அப்போ நல்ல மண்ணா பார்த்துக் கொண்டாரச் சொல்றேன்."

விழா நாளன்று காலையிலேயே, ஒலிபெருக்கிக்காக ஜெனரேட்டர் வந்தது. செர்வா கண்ணாடியை அடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காவலுக்கு நின்றாள். மூன்றாவது மாடி ஆய்வகத்துக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். தூசி விஷயத்தில் நாங்கள் கண்டிப்பானவர்கள். நான்கு சட்டி செம்மண் மட்டும் என் தலைமேல் வந்து, நடுக்கூடத்தில் குவிந்தது.

துணை அமைச்சர் மூன்று மணி நேரம் தாமதமாக, அதாவது சரியான நேரத்துக்கு வந்தார். ஒலிபெருக்கியையும் அடுப்பையும் ஒன்றாகத் தாங்க ஜெனரேட்டருக்குத் தெம்பில்லை. அடுப்பின் பிளக்கைப் பிடுங்கினார்கள். அறிவியலுக்குத் தடையில்லா மின்சாரம் தேவை என்று அமைச்சர் ஒரு மணி நேரம் முழங்கினார்.

"கண்ணாடியை வெளிய எடும்மா. ஐயா பாக்க வேணாமா?" என்றார் அடு-போக்யே.

"இன்னும் ரெண்டு மணி நேரம் வேகணும் சார்!"

"ஐயாவுக்கு அவ்வளவு நேரம் இல்ல."

எடுத்து நீட்டினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோடிக்கணக்கில் இருக்கிறது என்றதும் அமைச்சர் சந்தேகமே படவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிகள் அவருக்குப் பழக்கம்தான். பிறகு கடப்பாரையை ஓங்கிக் கொத்தினார். செம்புழுதி எழும்பி, மெல்ல இறங்கி, கண்ணாடி மேல் படிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியோடு லாரி ஏறியது.

அழுதுகொண்டிருந்த செர்வாவை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் மனைவி டூஃபியே பதினெட்டு வருடமாக வாச்சே என்னும் பயறுச் சோறு விற்பவள்.

"கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது அக்கா. ஆறு மணி நேரம்," என்றாள் செர்வா.

"அதுதானேடி என் பொழப்பு! கொண்டா அந்தப் புட்டியை."

கரியடுப்பில் சோற்றுப்பானை வெந்நீருக்குள், புதுக் கண்ணாடி போட்ட புட்டியை இறக்கி, கரியைத் தள்ளியும் இழுத்தும் சூட்டைப் பிடித்து நிறுத்தினாள். மறுநாள் செர்வா கம்பி இணைத்து முற்றத்து வெயிலில் காட்டினாள். விளக்கு எரிந்தது! மூன்று பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். நல்லது கெட்டது என்று எதுவும் கேட்காமல், "விருந்து எப்போ?" என்றார்.

அடு-போக்யேயிடம் ஓடினோம். அவர் ஜன்னல் வெயிலைக் கையால் மறைத்து மறைத்து, விளக்கை அணைத்தும் எரியவிட்டும் பார்த்தார்.

"நல்லா எரியுது. ஆனா இது எப்போ தொடங்கின திட்டம்?"

"தொடங்கல சார். முடிஞ்சே போச்சு."

"தொடங்காதது எப்படிம்மா முடியும்? நீயே படிச்சவ, யோசிச்சுச் சொல்லு. தேர்வுக் குழுவுக்குச் சான்றிதழ் உள்ள கண்ணாடியைத்தான் அனுப்ப முடியும்."

மாதக் கடைசியில் தேர்வுக் குழு கூடியது. புழுதி படிந்த கண்ணாடி வெல்வெட் துணிமேல் இருந்தது. பக்கத்தில் சான்றிதழ், அமைச்சரின் பதினாறு போட்டோக்கள். வெயில் பட்டால் எரிகிற விளக்கை செர்வா கைப்பைக்குள் வைத்து மூடியிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் மட்டும், "இது வேலை செய்யுமா?" என்று கேட்டுவிட்டார்.

குழுத் தலைவர் முகம் சிவந்தது. "அமைச்சர் தொடங்கி வெச்சதைப் பார்த்துக் கேக்கற கேள்வியாய்யா இது?"

வெளியூர்க்காரர் மன்னிப்புக் கேட்டார். செர்வா கைப்பையைத் திறக்கவில்லை. பட்டம் கிடைத்தது. அவளைக் கோழை என்று திட்டலாம் என்றுதான் எனக்கும் நாக்கு துடித்தது. ஆனால் என் பதவி உயர்வுக் கோப்பு நான்கு வருடமாக அடு-போக்யேயின் மேசையில் கிடக்கிறது. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, யார் கைதட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கைதட்டியவன் நான்தான்.