மெத்தனமும் நமது உரிமையாளருக்குச் சொந்தம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும், மகனும், தங்கள் மகளாகிய எங்கள் மருமகளும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முதுகு வலி தேவலையா? மருத்துவர் சொன்னபடி இன்னும் வெறும் மரப்பலகையில்தான் படுக்கிறீர்களா? இதை நான் உபசாரத்துக்காகக் கேட்கவில்லை. தாங்கள் எதன்மேல் படுக்கிறீர்கள் என்பது இப்போது எங்கள் பத்திரிகைக்கு மிக முக்கியமான விஷயம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "பத்திரிகையை மெத்தைக் கம்பெனிக்காரர் வாங்கிவிட்டாராமே, இனி நீங்கள் எழுதுவதை நம்பலாமா, அல்லது சந்தாவை நிறுத்திவிடலாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றும் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கையாளர்தான் என்று என் மனைவி சொன்னாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்த ஊரின் வணிகச் செய்திகளை எழுதி நான் சேர்த்து வைத்திருப்பது 'அவர் எழுதினால் சரியாக இருக்கும்' என்கிற ஒரே பெயரைத்தான். அதுவும் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது ஒரு குடையும் மூக்குக் கண்ணாடியும்தான். ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். இந்த வார இதழ் தபாலில் வந்தால், தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்காமல் அதைப் பிரிக்காதீர்கள்.

முதலில் பத்திரிகை விற்ற கதை. நிறுவனர் போனபின் அவர் பிள்ளைகளுக்கு இதில் அக்கறை இல்லை. விளம்பரத்தை வைத்துத்தான் வண்டி ஓடியது. பின் அட்டையில் சிமெண்ட் விளம்பரம் வந்துகொண்டிருந்தவரை நாங்கள் சிமெண்ட் என்ற சொல்லையே செய்தியில் எழுதியதில்லை. விளம்பரம் தராதவர்களைப் பற்றி மட்டும் அஞ்சாமல் எழுதிக்கொண்டிருந்தோம். அதற்குத்தான் அப்போது சுதந்திரம் என்று பெயர். இந்த நிலையில் மெத்தை முதலாளி ஒரு முழுப்பக்க விளம்பரத்துக்கு விலை கேட்டு வந்தார். எங்கள் கணக்காளர் விலையைச் சொன்னார். "இந்த விலைக்குப் பத்திரிகையையே வாங்கிடலாமேங்க" என்று அவர் பேச்சுக்குச் சொல்ல, "வாங்கிக்குங்களேன்" என்று கணக்காளர் மனதாரச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், வாங்கிவிட்டார்.

ஆசிரியராகிய நான் சும்மா இருப்பேனா? ஆசிரியர் குழுவின் அறைக்குள் முதலாளி காலடி வைக்கக்கூடாது, ஒரு வரியில் கை வைத்தாலும் நான் அன்றே கிளம்பிவிடுவேன் என்று நிபந்தனை போட்டேன். அவர் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். போட்டதோடு நிற்காமல் அதை அப்படியே கடைப்பிடிக்கவும் தொடங்கிவிட்டார். இதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்ப்பார், நாங்கள் நிமிர்ந்தால் சட்டென்று சுவரைப் பார்ப்பார். ஒருநாள் கதவுக்கு வெளியே எல்லாருக்கும் ஆளுக்கொரு நாற்காலி மெத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். இது தலையீடா இல்லையா என்று நாங்கள் பாதி நாள் விவாதித்தோம். எங்கள் நிருபர் பெண், அவருக்கு அலுவலகத்தில் 'கறார்' என்று பெயர், "நான் கட்டையிலயே உட்காந்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டார். நான் மட்டும், உங்களிடம் மறைப்பானேன், உட்கார்ந்துவிட்டேன். என் இடுப்பும் உங்கள் முதுகுக்குச் சளைத்ததல்ல.

உட்கார்ந்தபின் மனசாட்சி குத்தியது. அதனால் ஒரு விதி கொண்டுவந்தேன். நமது இதழில் எங்கே மெத்தை என்று வந்தாலும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'இது நமது உரிமையாளருக்குச் சொந்தம்' என்று ஒரு வரி வரவேண்டும். எதையும் மறைக்கவில்லை என்று வாசகருக்குத் தெரியட்டும். பக்கம் அமைக்கிறவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு 'அவசரம்' என்று பெயர், நான் வாயைத் திறக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடுவார். "கம்ப்யூட்டர்லயே போட்டு விட்டுடறேன் சார், தானா வந்துடும்" என்றார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பேட்டியில ஜனங்க 'மெத்த'ன்னுதான் பேசுவாங்க, அதையும் விட்டுடாதீங்க" என்றேன். அவரும் 'மெத்த' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கறார் ஒரு செய்தி கொண்டுவந்தார். நமது முதலாளியின் தொழிற்சாலையில், புதுப் பஞ்சு என்று சொல்லி விற்கும் மெத்தைகளுக்குள் பழைய பஞ்சைக் கலக்கிறார்கள் என்று. போட்டால் வேலை போகும், போடாவிட்டால் பெயர் போகும். "என்ன சார், போடறோமா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். போடுவோம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மெத்தையைக் கடையில் வாங்கிக் கிழித்து, பஞ்சை உங்கள் இளைய மகன் வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்தில்தான் கொடுத்தோம். தம்பி என்னிடம் உறவுமுறைகூடக் காட்டவில்லை. "ரிசல்ட் வர்ற வரைக்கும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க மாமா" என்று முகத்துக்கு நேரே சொன்னார். வந்த முடிவு, பாதிக்குமேல் பழைய பஞ்சு.

முறைப்படி தொழிற்சாலையின் பதிலைக் கேட்டோம். முதலாளி வாயே திறக்கவில்லை. கொள்முதலைக் கவனிக்கும் அவருடைய மகள், பரிசோதனையே தப்பு என்று பரிசோதனைக் கூடத்துக்குப் போய் ஒரு பிடி பிடித்தாராம். மறுநாளும் போனாராம். அடுத்த வாரமும் போனாராம். உங்கள் மகன் என்ன சொல்லி விளங்கவைத்தாரோ, கடைசியில் "பரிசோதனை சரிதான், பஞ்சு விற்றவர் எங்களை ஏமாற்றியிருக்கிறார், இனி நாங்களே சோதித்து வாங்குவோம்" என்று பதில் எழுதித் தந்தார். அதையும் சேர்த்து முதல் பக்கத்தில் போட்டோம்.

இதழ் வெளிவந்த காலை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலுவலகம் போனேன். போனால் தொலைபேசி அலறுகிறது. எடுத்தால் பொருளாதாரப் பேராசிரியர். "நான் எவனுக்கும் சொந்தமில்லைய்யா, என்னய்யா எழுதியிருக்கீங்க?" என்று கத்துகிறார். இதழைப் பிரித்துப் பார்த்தேன். 'மெத்தப் (இது நமது உரிமையாளருக்குச் சொந்தம்) படித்த பேராசிரியர்' என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் வங்கி மேலாளர் ஒருவர் மெத்த (இது நமது உரிமையாளருக்குச் சொந்தம்) மகிழ்ச்சியோடு பணி ஓய்வு பெற்றிருந்தார். அதெல்லாம்கூடப் போகட்டும். முதல் பக்கத்தில், மெத்தைச் செய்திக்கு நேர் மேலே, கொட்டை எழுத்தில், 'அதிகாரிகளின் மெத்தனம் (இது நமது உரிமையாளருக்குச் சொந்தம்): கிடங்குகளில் சரக்குத் தேக்கம்' என்று வந்திருந்தது. அவசரம் என் பக்கத்தில் வந்து நின்று, "மெத்தைன்னு வந்த எடத்துல ஒண்ணுகூட விட்டுப்போகலை சார்" என்று ஆறுதல் சொன்னார்.

இந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி நின்றார். கையில் இதழ். நான் குடையை எடுத்துக்கொண்டேன், மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், நாற்காலி மெத்தையை அதன் இடத்திலேயே விட்டேன். கறார் எழுந்து என்னோடு வந்து நின்றார். கதவைத் திறந்தேன்.

"எங்க சார், குடையோட கிளம்பிட்டீங்க?" என்றார் முதலாளி.

"மெத்தைச் செய்தியில ஒரு வார்த்தையையும் நான் வாபஸ் வாங்கமாட்டேன்."

"அதை யாரு வாங்கச் சொன்னா? பழைய பஞ்சுன்னு எழுதினீங்க, பழைய பஞ்சுதான். வித்ததை எல்லாம் திருப்பி எடுத்து மாத்திக் குடுக்கச் சொல்லிட்டேன். ஆனா இந்த ஊர்ல இருக்கிற மெத்தனமெல்லாம் எனக்குச் சொந்தம்னு எழுதியிருக்கீங்களே, இது நியாயமா? என் வீட்டுக்காரி படிச்சிட்டு, 'உங்க பத்திரிகையில வந்த உண்மைகள்லயே பெரிய உண்மை இதுதான்'னு சிரிக்கிறா சார். காலையிலேருந்து நிறுத்தலை."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. உரிமையாளர் கேட்டுத் திருத்தம் போட்டால் அது தலையீடு, வாசகர் கேட்டால் அது உரிமை, ஆகவே நீங்கள் ஒரு சந்தா கட்டி வாசகர் கடிதம் எழுதுங்கள் என்றேன். மனிதர் அங்கேயே சந்தா கட்டி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இடமில்லை என்று சொல்லி நாலு வரியாக வெட்டினேன். அதைப் படித்துப் பார்த்து, "நான் சொல்ல வந்ததே இதுதான் சார்" என்று சந்தோஷப்பட்டார். அடுத்த இதழில் வரும்.

போகும்போது அவர் சொன்னதுதான் முக்கியம். "சார், இந்த 'சொந்தம்'கிற வார்த்தைதான் எல்லாத் தொல்லையும். பணத்தை நான் போட்டுடறேன், சொந்தம் எனக்கு வேணாம். ஏதாவது பண்ணுங்க" என்றார். நானும் வழக்கறிஞரைப் பார்த்தேன். அறக்கட்டளை ஒன்று அமைக்கிறோம். அவர் போடும் பணத்தை அவரே திருப்பி எடுக்க முடியாது. ஆசிரியரை வைப்பதும் நீக்குவதும் அறக்கட்டளைத் தலைவர் பொறுப்பு. தலைவர் என்பவர் முதலாளிக்கு எந்த விதத்திலும் சம்பந்தம் இல்லாதவராக இருக்கவேண்டும். இந்த ஊரில் அப்படி ஆள் கிடைத்தால்தானே? ஒருவர் அவருக்கு நூல் விற்கிறார், ஒருவர் துணி விற்கிறார், மிச்சப்பேர் எல்லாரும் அவருடைய மெத்தையில் படுக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்குத் தங்கள் மரப்பலகை ஞாபகத்துக்கு வந்தது. வெளியூர்க்காரர், தணிக்கையாளர், முகத்துக்கு நேரே கேட்கிறவர், மெத்தையே தொடாதவர். தாங்கள்தான் தலைவராக இருக்கவேண்டும். என்னோடு சம்பந்தம் இருக்கிறதே என்று தயங்குவீர்கள். அதை முதல் இதழிலேயே அச்சடித்துவிடுகிறேன். தவிரவும் என்னை வேலையைவிட்டு அனுப்ப உங்களுக்கு இருக்கும் ஆசையைச் சம்பந்தியம்மாவே சொல்லியிருக்கிறார். சந்தாவை நிறுத்தலாமா என்று கேட்டவரையே காவலுக்கு வைத்தால் அதைவிட எனக்கு நிம்மதி வேறு என்ன? நான் இப்போது ரொம்பத் திருப்தியாக இருக்கிறேன் சம்பந்தி. மெத்த மகிழ்ச்சி என்று எழுதத்தான் கை வந்தது, பயமாக இருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள். உங்கள் மகள் நன்றாகத் தூங்குகிறாள், மூன்று வேளையும் என்னைக் கேலி செய்கிறாள். இளைய தம்பிக்கு என் மனமார்ந்த ஆசிகள். அவரைப் போன்ற நேர்மையான பிள்ளைக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும். தலைவர் பதவிக்குச் சரி என்று ஒரே வரியில் எழுதினால் போதும், அது உங்களுக்கு வழக்கம்தானே.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முதலாளி வந்து கதவைத் தட்டினார். "இது பத்திரிகை விஷயம் இல்ல சார், குடும்ப விஷயம். உள்ள வரலாமா?" என்றார். குடும்ப விஷயத்துக்கு நிபந்தனையில் தடை இல்லாததால் உள்ளே விட்டேன். "உங்க சம்பந்தி வீட்டுச் சின்னப் பையன் ஆள் எப்படி?" என்றார். பரிசோதனை முடிவை எதிர்த்து வழக்குப் போடப் போகிறார் என்று நினைத்து, தம்பியின் ஒழுக்கம், நேர்மை, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் புகழ்ந்து தள்ளிவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அப்போ சரி சார். என் பொண்ணு கட்டினா அவரைத்தான் கட்டுவேன்னு நிக்கிறா. சண்டை போடப் போன எடத்துல பேசிப் பேசி இப்படி ஆயிடுச்சாம். அவருக்கும் சம்மதமாம். நீங்கதான் உங்க சம்பந்திகிட்ட எடுத்துச் சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டேன். நல்ல பெண், சம்பந்தி. தப்பு என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டவள். மறுக்காதீர்கள். ஆனால் தலைவர் பதவியைப் பற்றி நான் மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வேறு ஆள் தேடவேண்டும். கல்யாணச் செய்தியில் வழக்கமான வரியைப் போடலாமா என்று அவசரம் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிறார். 'இது' என்பதை 'இவர்' என்று மாற்றினால் போதுமாம், மற்றதெல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறதாம். சந்தாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மேலே போட்ட கையெழுத்தையும் இப்படித் திருத்திப் படிக்கவும்:

தங்கள் அன்புள்ள சம்பந்தி (இவரும் இனி நமது உரிமையாளருக்குச் சொந்தம்)