நாங்கள் தூக்கிய ஜப்பான் கார்

நாமக்கல்லில் வண்டி என்றால் உயரமாக இருக்க வேண்டும். லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஊர். எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துத்தான் வெல்டிங் வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வண்டியைப் பூமியைப் பார்த்து இறக்கிக்கொண்டே போன ஒரே மனிதர் ஜப்பான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காரைப் பாதாளத்துக்கே கொண்டுபோயிருப்பார்.

ஜப்பான் என்பது அவருடைய நிஜப் பெயர் அல்ல. நிஜப் பெயரை, இத்தனை வருஷம் எதிர் வீட்டில் இருந்தும், நான் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட "ஜப்பானுங்க" என்றுதான் வாசலில் குரல் கொடுப்பார். அவர் ஜப்பானுக்குப் போனவரும் அல்ல. வடக்கே திருப்பதி, தெற்கே பழனி, அத்தோடு அவர் உலகம் முடிந்தது. தொழில், முட்டை மொத்த வியாபாரம்.

ஒரு தடவை கோழித் தீவனத்துக்குக் கிழங்குத் திப்பி, அதாவது மாவு எடுத்த மரவள்ளிச் சக்கை, வாங்க ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போனார். திரும்பி வந்த லாரியில் திப்பி இல்லை, ஒரு கார் இருந்தது. ஆலை முதலாளியின் மகன் எந்தக் காலத்திலோ ஓட்டி அலுத்து, மூலையில் போட்டுவிட்ட பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. வெள்ளைக் கார் என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். வாசலில் வைத்துத் தண்ணீர் அடித்தபோது கிழங்கு மாவெல்லாம் கரைந்து ஓடி, உள்ளேயிருந்து சிவப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தபோது துரு வந்தது. மேலும் தேய்த்தபோது கதவு கையோடு வந்தது. மனிதர் கலங்கவே இல்லை. கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "எல்லாமே கழண்டு வருதுங்க சார், வேல சுளுவு" என்றார்.

காரை நிறுத்த இடம் இல்லை. வீட்டின் முன்சுவரை இடித்து ஷட்டர் போட்டு, வரவேற்பறையில் காரை ஏற்றினார். சோபா பின்கட்டுக்குப் போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளி, காரை ஒட்டி உடம்பை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துதான் சமையலறைக்குப் போக முடியும். கொஞ்சம் பருமனான சொந்தக்காரர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

கழற்றின நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் முட்டை அட்டைகளில்தான் வைப்பார். ஒரு குழிக்கு ஒன்று. அடுக்கின வரிசையிலேயே திரும்ப மாட்டலாம் என்பது அவர் கண்டுபிடித்த முறை. முறை நல்ல முறைதான். என்ன, ஒருநாள் முட்டைக் கட்டோடு கட்டாக ஓர் அட்டை போல்ட்டும் பஸ் நிலையத்துப் புரோட்டாக் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நேராக வந்து, "ஏனுங்க, இது எவ்வளவு நேரம் வேகோணும்?" என்று கேட்டார்.

கார்புரேட்டர் இட்லிக் குண்டாவில் வெந்தது. ரப்பர் பட்டைகள் நல்லெண்ணெயில் ஊறின. காரோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. அதன்மேல் செல்போனைப் பிடித்தால் தமிழில் காட்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். செல்போன், "மதிப்புக்குரிய திருகாணியைப் பொறுமையாக வேண்டிக்கொள்ளவும்" என்று காட்டியது. அவரும் காருக்கடியில் படுத்துக்கொண்டு, "சாமி, கொஞ்சம் கழண்டு குடு சாமி" என்று கெஞ்சுவது என் வீடு வரை கேட்கும். நம்பினால் நம்புங்கள், அந்தத் திருகாணி கழன்றது.

அந்தக் காருக்கு முன்விளக்குகள் வெளியே தெரியாது. சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண் மாதிரி உள்ளேயிருந்து எழுந்து நிற்கும். எழ வேண்டியது இரண்டும். எழுந்தது ஒன்று. தெருவில் போகிற பெண்களைப் பார்த்துக் கார் கண்ணடிக்கிறது என்று புகார் வந்து, சரிசெய்து முடிக்கும் வரை அவருடைய மனைவி பூங்கொடி அதன் முகத்தில் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்தார்.

பூங்கொடி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தனையும் அவர் பொறுத்துக்கொண்டது ஒரே காரணத்துக்காக. அவருக்குப் பிறந்த வீடு குமாரபாளையம். கல்யாணத்தன்று வாடகைக் கார் வழியில் நின்றுபோக, மாப்பிள்ளை தன் முட்டை வண்டியை வரவழைத்து அதிலேயே பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். விசைத்தறி வைத்திருக்கிற அண்ணன் அதை மறக்கவே இல்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் எல்லார் முன்னாலும், "எங்க மாப்ள தங்கச்சிய அட்ட போட்டு அடுக்கிக் கொண்டு போனவருங்க" என்று ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பூங்கொடி அம்மாவும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கை கழுவப் போய் வெகுநேரம் நிற்பார்.

"இந்தக் காருல ஒரே ஒரு நாளு எங்கண்ணன் ஊட்டு வாசல்ல போயி எறங்கோணுங்க. அப்பறம் அவுரு இதச் சமையக்கட்டுல நிறுத்துனாலுஞ் சரி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

கார் ஓடுகிற நிலைக்கு வந்ததும் என் கஷ்டகாலம் தொடங்கியது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் கொஞ்சம் படிப்பேன். சைலன்சரை அறுத்து ஏதோ மாற்றி வைத்திருந்தார். தினம் காலை அதைக் கிளப்பி உறுமவிடுவார். என் புத்தக அலமாரிக் கண்ணாடி நடுங்கும். சொல்லிப் பார்த்தேன். "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? இது சத்தமில்லீங்க சார், சுருதி" என்றார். போதாக்குறைக்கு, படங்களில் இந்தக் கார் இன்னும் தாழ்வாக இருக்கிறது என்று ஸ்பிரிங்கை வெட்டி மேலும் இறக்கினார். அடியில் ஒரு முட்டை உருளலாம். கோழி போக முடியாது.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் தெரு முட்டுத்தெரு. வெளியே போக ஒரே வழி. நான் கவுன்சிலரிடம் போய், குழந்தைகளின் பாதுகாப்புக்காகத் தெரு முனையில் ஒரு வேகத்தடை வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். எங்கள் தெருக் குழந்தை என்று சொல்ல என் பேத்தி ஒருத்திதான். அவளும் சிங்கப்பூரில் இருக்கிறாள். வேலைக்கு வந்த ஆட்களிடம், கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள் என்று சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு படித்த மனிதன் எவ்வளவு தூரம் இறங்க முடியும் என்பதற்கு அந்தத் தார் மேடு அளவு. காரைவிட நான் தாழ்வாக இறங்கினேன்.

மேட்டைப் பார்த்த ஜப்பான், மெதுவாக ஏற்றினால் ஏறிவிடும் என்றார். அவருக்கு எதிலும் சந்தேகம் வராது.

ஆடிப் பெருக்கன்று குமாரபாளையத்துக்குப் புறப்பட்டார்கள். காவிரிக்குப் போய்விட்டு அண்ணன் வீட்டில் சாப்பாடு. காருக்குச் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம், பின்பக்கத்தில் லாரி பெயிண்டர் பழக்கதோஷத்தில் வரைந்துவிட்ட ஜோடிக் கிளிகள். பூங்கொடி அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். தெருவே வாசலில் நின்றது. நான் ஜன்னலுக்குள் நின்றேன்.

முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி இறங்கின. அதோடு சரி. வயிறு தட்டி, கல்லின்மேல் ஏறிய ஆமை மாதிரி கார் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஜப்பான் இறங்கிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முதல்முறையாக அந்த முகத்தில் சந்தேகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் வீட்டில் காத்திருப்பார்கள், இப்போதைக்கு முட்டை வண்டியில் போய்விடலாமே என்று யாரோ நல்ல எண்ணத்தில் சொன்னார்கள்.

"நான் எறங்க மாட்டன்" என்றார் பூங்கொடி அம்மா. சத்தம் போடவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்தபடி சொன்னார்.

அதற்குமேல் என்னால் ஜன்னலுக்குள் நிற்க முடியவில்லை. நான் வெளியே வந்தபோது, முனையிலிருக்கும் லாரிப் பட்டறை ஆட்கள் அங்கே வந்திருந்தார்கள். மேஸ்திரி காரைச் சுற்றிவந்து பார்த்தார். "சப்பரந் தூக்கறதில்லையா? அதே கணக்குத்தான். அம்மணி உள்ளயே இருக்கட்டும்" என்றார். வேட்டிகளும் கைலிகளும் மடிந்தன. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு பேர் என்று நின்றார்கள். பின்னால் இடது மூலையில் ஜப்பான் மட்டும் நின்றார். நான் போய் அவர் பக்கத்தில் கை கொடுத்தேன்.

கார் எழுந்தது. பூங்கொடி அம்மா அம்மன் மாதிரி அசையாமல் இருந்தார். பின்சக்கரங்கள் மேட்டுக்கு மேலே அந்தரத்தில் வந்த நேரம். எனக்கு மூச்சு முட்டியது. வேறு நேரமே கிடைக்காதது மாதிரி சொல்லிவிட்டேன்: "ஜப்பான், இந்த மேட்டைப் போடச் சொன்னதே நான்தான். உங்க காரை நிறுத்தத்தான் போடச் சொன்னேன்."

அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். நரம்பு புடைத்திருந்தது.

"அதக் கீழ வெச்சுட்டுப் பேசிக்கலாங்க" என்றார். "இப்பக் கைய உட்றாதீங்க."

விடவில்லை. கீழே வைத்தோம். ஆனால் அவர் பேசவில்லை. ஏறினார், கிளப்பினார், போய்விட்டார்.

குமாரபாளையத்தில் நடந்ததைப் பூங்கொடி அம்மாதான் பிறகு சொன்னார். அண்ணன் காரை இரண்டு தடவை சுற்றி வந்து, தானும் ஏற ஓர் இடம் தேடியிருக்கிறார். "எடமில்லீங்ணா, ரெண்டு பேருக்குத்தான்" என்று இவர் உள்ளேயிருந்தே சொன்னாராம். அன்றைக்குப் பந்தியில் முட்டைப் பேச்சு எழவில்லையாம். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அன்று இரவு திரும்பி வந்த காரைப் பட்டறை ஆட்களே தூக்கி உள்ளே விட்டார்கள். ஜப்பான் மட்டும் என்னோடு பேச்சை நிறுத்தினார். எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்து போவார். காலையில் காரைக் கிளப்புவதும் நின்றது. மனுப் போட்டுக் கேட்ட அமைதி எனக்கு முழுசாகக் கிடைத்தது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிர் வீட்டு ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலரிடம் போய் மேட்டை எடுக்கச் சொன்னேன். "போடறதுக்குத்தாங்க ஒரு மனு. எடுக்கறதுக்கு ஏகப்பட்டது வேணும்" என்று சொல்லி, கேட்ட தாள்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். மேடு அப்படியே இருக்கிறது.

ஆவணியில் ஒரு காலை ஷட்டர் உருளும் சத்தம் கேட்டது. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்காம். கார் மெதுவாகப் போய் மேட்டுக்கு முன்னால் நின்றது. பட்டறை ஆட்கள் பழகினவர்கள் போல வந்து நின்றார்கள். நான் வாசலில் நின்றேன். கூப்பிடாமல் போகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஜப்பான் இறங்கி இடுப்பில் கை வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பின்னால எடப் பக்கம் ஆளு பத்தலைங்க சார். வாரீங்களா, எப்படிங்க?"

எனக்கு முதுகுவலி உண்டு. கனம் எதையும் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடுவதில்லை. அந்தக் காரை நான் தூக்குவது டாக்டருக்குத் தெரியாது. தெரிந்தால் நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.