புல்லி பாயும் என் டாக்சியும்

எடையைக் குறைத்தால் எந்தக் கஷ்டமும் தீரும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தாராவி புல்லி பாய்தான். கார் எஞ்சினில் விசிறி பெல்ட்டைச் சுழற்றுகிற புல்லி இரும்பில் இருப்பதே பாவம் என்று தன் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைவார். தலைவலி என்று போனால், “சட்டைப் பையில என்னவே வச்சிருக்கீரு? எடுத்து வெளிய வையும்” என்பார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காதுக் கம்பி போதுமென்று மற்றதைக் கழற்றி எறிந்தவர். கண்ணாடி நாளைக்கு நாற்பது தடவை விழும், எடுத்து மாட்டிக்கொள்வார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு பார்சி சேட் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தார். மலைப்பாதைப் பந்தயத்தில் ஓடுகிற வண்டி. பாயின் புல்லியைக் கையில் தூக்கிப் பார்த்தவர், “ஹல்கா தோ ஹை. கித்னா தின் டிகேகா?” என்றார். லேசுதான், எத்தனை நாள் தாங்கும் என்று கேள்வி.

மறுநாள் காலை பாய் என் டாக்சி முன்னால் நின்றார்.

“சேட் வண்டி ஞாயித்துக்கிழமைதான் ஓடும். அதுல போட்டா தாங்குதான்னு தெரிய பத்து வருசம் ஆகும். உம்ம வண்டி விடிஞ்சா அடைஞ்சா ஓடுது. ஒரு ஆறு மாசம் போட்டு ஓட்டும்.”

“நாலு பிள்ளைக இந்த வண்டிய நம்பி இருக்கு பாய்.”

“என் பட்டறையும் இனி அத நம்பித்தான்வே இருக்கு.”

முருகன் மேல் பாரத்தைப் போட்டுச் சம்மதித்தேன். மழைக்காலம் முழுக்க செம்பூர், முலுண்ட் என்று ஓடினேன், புல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய் தினமும் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்பார். கண்ணாடி எஞ்சினுக்குள் விழும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் சேட் என் டாக்சியில் ஏறிப் பார்ப்பதாக ஏற்பாடு. வழக்கமாக பானெட்டுக்கும் சக்கரத்துக்கும்தான் பொட்டு வைப்பேன். பாய்க்கு நல்லது நடக்கட்டுமே என்று அந்த வருஷம் புல்லிக்கே நல்லெண்ணெய் தடவி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் வண்டி சயானைத் தாண்டவில்லை. பெல்ட் வழுக்கிக் கத்தியது. ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. சேட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பஸ், ஹோ கயா” என்றார். போதும், ஆயிற்று என்று அர்த்தம்.

கூட வந்திருந்த பாய் பானெட்டைத் திறந்து புல்லியின் பள்ளத்தில் விரலை விட்டு மோந்தார். சந்தனம் மணத்தது. என்னைப் பார்த்தார். பிறகு சேட்டிடம், “கல்தி மேரா ஹை” என்றார். தப்பு தன்னுடையதாம்.

“ஏன் பாய் இப்படி?” என்றேன்.

“சாமிக்கு வச்சதக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. சும்மா இரும்.”

சும்மா இருந்தால் முருகன் என்னை மன்னிப்பானா? கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சேட், பூஜா மேனே கியா. தேல் மேனே லகாயா” என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் தடவியது நான்தான் என்று புரிந்ததும் சேட் சிரித்த சிரிப்பில் டாக்சி ஆடியது. எஞ்சின் ஆறியபின் துடைத்து, தண்ணீர் ஊற்றி, டிராம்பே வரை போய் வந்தோம். ஒரு முனகல் இல்லை. அடுத்த வாரமே சிவப்புக் காருக்குப் புல்லி ஏறியது. என் வண்டியில் போட்டது நான் அதை விற்கும்வரை ஓடியது.

பந்தய நாளன்று பாய் பள்ளிவாசலுக்குப் போய்த் துஆ கேட்டுவிட்டு வந்தார்.

“சேட் வண்டிக்கு நல்லாக் கேட்டீரா பாய்?”

“அதுக்கு ஒண்ணு ஆனா நான் வேற புல்லி கடஞ்சு குடுப்பேன்” என்றார். “உம்ம வண்டி நம்பரச் சொல்லித்தான்வே கேட்டேன்.”