நாளைக்குத் துடைக்க ஆள் வருகிறது

துருக்கி மொழியில் ஹுசூர் என்றால் நிம்மதி என்று அர்த்தம். எஸ்கிஷெஹிர் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ஹுசூர் என்று பெயர் வைத்தவர் அங்கே குடியிருக்கவில்லை. குடியிருந்தவர்களில், பெயரைக் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். கட்டட நிர்வாகி வெஹ்பி.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் திருப்பிக் கொடுத்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச காலம் தவித்தார். அப்போதுதான் நிர்வாகிப் பதவி வந்தது. யாருக்கும் வேண்டாத பதவி, ஆகவே போட்டியில்லாமல் ஜெயித்தார். வீட்டுக்குள்ளே மனைவி முஸெய்யெனின் ஆட்சி. அங்கே அவருக்கு ஓட்டு கிடையாது. கதவுக்கு வெளியே படிக்கட்டு, நடை, மொட்டை மாடி, இவ்வளவும் அவருடைய ராஜ்யம்.

ராஜ்யம் அழுக்காக இருந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட வாசல்காரர் வயதாகிக் கிராமத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்தந்த மாடியை அந்தந்த வீட்டுப் பெண்களே கழுவினார்கள். மூன்றாம் மாடியில் ஊற்றிய தண்ணீர் இரண்டாம் மாடிக்கு இறங்கும். தண்ணீரோடு சேர்ந்து பேச்சும் இறங்கும். நிம்மதி என்ற பெயருக்குக் கீழே தினம் ஒரு சண்டை நடந்தது.

சண்டையைக்கூட வெஹ்பி பொறுத்துக்கொண்டிருப்பார். குளிர்காலத்தில் ஒரு நாள், முட்டி போட்டுப் படி துடைத்துக்கொண்டிருந்த முஸெய்யென் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடியைப் பிடித்தபடி அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். "இன்னொரு தரம் முட்டி போட்டீங்கன்னா அப்புறம் ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வெஹ்பிக்குச் சோறு இறங்கவில்லை. 'நீ கஷ்டப்படறதை என்னால பார்க்க முடியலை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வாழ்க்கை முழுக்க ரயிலுக்கு உத்தரவு போட்ட வாய் அது. அன்பைச் சொல்வதென்றாலும் அதற்கு ஓர் அறிவிப்பு வேண்டியிருந்தது. எனவே கூட்டம் போட்டார்.

கூட்டம் கீழ்நடையில் நடந்தது. ஆளுக்கொரு நாற்காலியும் தேநீர்க் கோப்பையுமாக வந்து உட்கார்ந்தார்கள். வெஹ்பி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"வர்ற வாரத்துலேருந்து துப்புரவுக் கம்பெனி ஆளுங்க வருவாங்க. மாப், மருந்து, மெஷின் எல்லாம் அவங்களே கொண்டாருவாங்க. இனிமே இந்தக் கட்டடத்துல எந்தப் பொம்பளையும் படிக்கட்டுல முட்டி போடக் கூடாது. அப்படி யாராவது போட்டாங்கன்னா, அன்னிக்கே நான் இந்தப் பதவியை விட்டுடறேன். இது சத்தியம்."

எல்லாரும் கை தட்டினார்கள். முஸெய்யென் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அவங்க என்னிக்கு வருவாங்க?"

"வியாழக்கிழமை காலைல."

"அப்போ புதன்கிழமை தொடைச்சு வச்சிடணும்."

மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று வெஹ்பி நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவள் வேடிக்கைக்காக எதையும் சொன்னதில்லை என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் அவர் கையில் சூடான சிமித் ரொட்டியோடு மாடியேறி வந்தார். வாசலில் வாளி. வாளியில் அரபு சோப்பின் நுரை. அதற்குப் பக்கத்தில் முஸெய்யென், கையில் துணியோடு குனிந்துகொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"பார்த்தா தெரியலை? நாளைக்குத் தொடைக்க ஆள் வருது."

"அதைத்தான் நானும் சொல்றேன். தொடைக்க ஆள் வரும்போது நீ எதுக்குத் தொடைக்கிறே?"

"நல்லா இருக்கே நியாயம். அந்நிய பொம்பளைங்க வந்து நம்ம வாசலைப் பார்ப்பாங்க. இந்த அழுக்கைப் பார்த்தா என்ன நெனப்பாங்க? இந்த வீட்டுல ஒரு பொம்பளை இருக்காளா செத்துட்டாளான்னு நெனக்க மாட்டாங்க?"

"அழுக்கைப் பார்க்கத்தானே அவங்க வர்றாங்க. அதுதானே அவங்க பொழப்பு."

"அவங்க அழுக்கை எடுக்க வரட்டும். நம்ம அழுக்கைப் பார்க்க வேணாம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மேல்மாடியில் இன்னொரு வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே இன்னொன்று. கட்டடமே அலம்பிக்கொண்டிருந்தது.

"எழுந்திரு. டாக்டர் என்ன சொன்னார்? எழுந்திருன்னா."

"பாதி முடிஞ்சிடுச்சு. பாதியில விட்டா கோடு தெரியும். முழுசா அழுக்கா இருக்கறதைவிட அது கேவலம்."

வெஹ்பி சிமித்தை அவள் கையில் கொடுத்தார். துணியை வாங்கினார். முட்டி போட்டார். முஸெய்யென் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, சிமித்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "அந்த மூலை" என்றாள்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து குல்ஸும், தோந்து என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். படிக்கட்டு ஏற்கெனவே முகம் பார்க்கும்படி இருந்தது. அவர்கள் பாவம், எதைத் துடைப்பது என்று தெரியாமல் துடைத்த இடத்தையே துடைத்தார்கள். முஸெய்யென் தேநீரும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட போரெக்கும் கொடுத்தாள். இரண்டாம் மாடி பெரிஹான் திராட்சை இலையில் சுருட்டிய சோற்றைக் கொண்டுவந்தாள். வேலைக்கு வந்தவர்கள் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வெஹ்பி விடவில்லை. ரயில்வே மூளை அது. இத்தனைக்கும் காரணம் வியாழக்கிழமை என்று கண்டுபிடித்தார். நாள் தெரிவதால்தானே முந்தின நாள் கழுவுகிறார்கள்? நாளே தெரியாமல் போனால்? கம்பெனிக்குப் போன் போட்டார். இனி வாரத்தில் ஏதாவது ஒரு நாள் வாருங்கள், சொல்லாமல் வாருங்கள் என்றார்.

"உங்களுக்கு மட்டுமாவது சொல்லிடட்டுமா சார்?"

"எனக்கும் வேணாம். எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியைப் பார்த்தே எம் பொண்டாட்டி கண்டுபிடிச்சிடுவா."

கால அட்டவணையே வேதம் என்று வாழ்ந்த மனிதர், நேரம் சொல்லாமல் ஒரு ரயில் விட்டார். அதைச் சொல்லிவிட்டுப் போனை வைக்கும்போது மனசு வலித்தது. முஸெய்யெனின் முட்டிக்காக அதையும் தாங்கிக்கொண்டார். அன்றைக்கே கட்டடத்திலும் அறிவித்துவிட்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மறுநாள் காலை காபி குடித்து முடிப்பதற்குள் வாசலில் வாளிச் சத்தம்.

"இன்னிக்கு எதுக்கு?"

"என்னிக்கு வருவாங்கன்னு தெரியாதே. நாளைக்கே வந்துட்டா?"

"நாளைக்கு வரலைன்னா?"

"நாளன்னிக்கு வருவாங்க. அப்போ நாளைக்கும் தொடைக்கணும்."

அவள் வாளியின் பக்கத்தில் குனியப் போனாள். குனியும்போது லேசாக முனகினாள். வெஹ்பி துணியைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாளும் பிடுங்கினார். அதற்கு மறுநாள் பிடுங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அது அவர் கையிலேயே வந்து சேர்ந்தது.

ஆனாலும் நிர்வாகி நிர்வாகிதான். மற்ற மாடிகளில் பெண்கள் யாராவது சத்தியத்தை மீறி முட்டி போடுகிறார்களா என்று பார்க்க, ஒரு நாள் ஈரத் துணியோடு சத்தமில்லாமல் மேலே ஏறினார். இரண்டாம் மாடியில் பெரிஹானின் கணவர் குத்ரெத், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நாலு காலில் நின்று கதவு நிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாவு வீட்டில் சந்தித்துக்கொள்கிறவர்களைப் போலத் தலையசைத்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கென்ன வந்துச்சு குத்ரெத் அண்ணே? அண்ணிக்கு முட்டி வலியா?"

"அவளுக்கென்ன, குதிரை மாதிரி இருக்கா. எல்லாம் நீங்க பண்ணின சத்தியம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவ சொல்றா, 'நீங்க தொடைக்கலைன்னா நான் தொடைப்பேன். நான் தொடைச்சா வெஹ்பி அண்ணன் பதவியை விட்டுடுவார். அவர் விட்டுட்டா அடுத்த நிர்வாகி நீங்கதான்.'" குத்ரெத் துணியைப் பிழிந்தார். "அதுக்கு இது பரவாயில்லைன்னு தோணிச்சு."

"மேலே?"

"மேலே ஷெரெஃப். அதுக்கு மேலேயும் ஆம்பளைங்கதான். கேக்காதீங்க. அவங்கவங்க மானம்."

வெஹ்பி கீழே இறங்கி வந்தார். சத்தியம் காப்பாற்றப்பட்டுவிட்டது. கட்டடத்தில் ஒரு பெண்கூட முட்டி போடவில்லை. சந்தோஷப்படலாமா என்று பார்த்தார், முதுகு இடம் கொடுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் காலை, அவர் வாசலில் முட்டி போட்டிருந்த நேரத்தில், குல்ஸும் மாப்பும் வாளியுமாக மாடியேறி வந்தாள். அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, எழுந்திருங்க அண்ணே. அக்கா உங்ககிட்ட சொல்லலையா? நாங்க இன்னிக்கு வர்றோம்னு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

"போனா? யாருக்கு?"

"அக்காவுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் சொல்லிடுவேனே. அந்தப் போரெக்கைச் சாப்பிட்டுட்டுச் சொல்லாம வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

வெஹ்பி எழுந்தார். துணியைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார். முஸெய்யென் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். வலிக்கிற காலைத் திண்டின்மேல் நீட்டி வைத்து, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நாள் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் தினமும் என்னை..."

"ஆமா."

அவள் மறுக்கவில்லை என்பதே அவரைத் திகைக்க வைத்தது. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின.

"ஏன்டி?"

முஸெய்யென் பட்டாணியைக் கீழே வைத்தாள். "கல்யாணமானதிலேருந்து நான் குனிஞ்சு நிமிர்ந்துதான் இந்த வீடு நடந்துச்சு. அன்னிக்குப் படியில எழுந்திருக்க முடியாம உட்கார்ந்திருந்தேனே, நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டு என்ன பண்ணினீங்க? கூட்டம் போட்டீங்க. நாற்காலியும் தேநீருமா உட்கார்ந்து ஊருக்கே சத்தியம் பண்ணினீங்க. எங்கிட்ட வந்து, வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கலை. கையில இருந்த துணியை வாங்கிக்கணும்னு தோணலை. எனக்குக் கோவமா இருந்துச்சு."

வெஹ்பி கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"அப்புறம் அந்தப் புதன்கிழமை, சிமித்தை எங்கிட்ட குடுத்துட்டு நீங்களே முட்டி போட்டீங்க பாருங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நல்லா இருந்துச்சு. மறுபடி பார்க்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

அவர் அங்கேயே நின்றார். ஈரத் துணியிலிருந்து கம்பளத்தில் சொட்டியது. அவள் அதைக்கூடத் திட்டவில்லை. "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"முன்னை மாதிரி இல்லை. ஓய்வு கிடைச்சுதே." அவள் மறுபடி பட்டாணியை எடுத்துக்கொண்டாள். "இனிமே உங்க இஷ்டம். நீங்கதானே நிர்வாகி."

அன்று முழுக்க வெஹ்பிக்கு மனசு இளகியிருந்தது. மறுநாள் முதுகு வலித்தபோது கொஞ்சம் இறுகியது. பாசம் வேறு, நிர்வாகம் வேறு என்ற முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். மறுபடி வியாழக்கிழமை என்று நாள் குறித்துவிட்டால் தினமும் துடைக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தரம் துடைத்தால் போதும். புதன்கிழமை அவளுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முட்டி போடலாம். குத்ரெத்திடமும் ஷெரெஃபிடமும் ரகசியமாகச் சொன்னார். அவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஷெரெஃபுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கூட்டத்தில் வெஹ்பி எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள் முஸெய்யென் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். இந்தக் கட்டடம் இவ்வளவு சுத்தமா இருந்து நாங்க யாரும் பார்த்ததில்லை. சண்டையும் இல்லை. சொல்லாம வர்ற ஏற்பாடுதான் அதுக்குக் காரணம். எங்க வீட்டுக்காரர்ங்கறதால சொல்லலை, அந்த மூளை யாருக்கு வரும்? அவரே நிர்வாகியா இருக்கட்டும், ஏற்பாடும் இப்படியே இருக்கட்டும்."

பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். கை தட்டலும் கேட்டது.

"எதிர்ப்பு?" என்று கேட்க வேண்டியது நிர்வாகியின் கடமை. வெஹ்பி கேட்டார். கேட்டுவிட்டு ஆண்களின் பக்கம் நம்பிக்கையோடு பார்த்தார். குத்ரெத்தின் கை தோள் வரைக்கும் வந்தது. பெரிஹான் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கை காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது. ஷெரெஃப் தேநீரில் சர்க்கரை கரைகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்று வெஹ்பி அறிவித்தார். பச்சைக் கொடி காட்டும்போது நிற்பதைப் போல நேராக நின்றுதான் அறிவித்தார். எல்லாரும் வந்து கைகொடுத்து வாழ்த்திவிட்டு, நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறிப் போனார்கள்.

முஸெய்யென் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். பிறகு நின்று, படிக்கட்டை மேலே வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாரும் ஷூவோட ஏறிட்டாங்க. நாளைக்கு ஆள் வருதாம்."