கையைப் பிடிக்காத எதிரி

தற்காப்புக் கலை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால், அடிக்க வருகிறவனும் அதே வகுப்பில் படித்திருக்க வேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

டவுன் பஸ்ஸில் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று கேட்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். (என் மனைவி இதற்குச் சிரிக்க மாட்டாள். அவளும் கூட நடந்திருக்கிறாள்.) கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டு முனிராஜு. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. உள்ளங்கை தோசைக்கல் மாதிரி. தினமும் காலையில் ஏறியதும் என் பின்மண்டையில் ஒரு தட்டு.

“என்ன குரு, எந்திரிச்சிட்டியா?”

(எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாரும் ‘குரு’தான்.) பஸ்ஸே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூஜுவாடியில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் ‘நிஜ வாழ்க்கைக்கு குங்ஃபூ’ என்று போர்டு தொங்கியது. நாற்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தேன். மாஸ்டர் கறுப்பு ஜிப்பாவில் இருப்பார். சீனா என்பது அத்திப்பள்ளிக்கு அடுத்த ஸ்டாப் என்பது போலப் பேசுவார்.

பயிற்சி இப்படி: எதிரி நேராக நடந்து வந்து, வலது கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடிப்பான். பிடித்ததும் சிலைபோல நிற்பான். நீங்கள் கையைச் சுழற்றி விடுவித்து, நெஞ்சு, தாடை, முழங்கால் என்று படாமல் அடித்துக் காட்டி முடிக்கும்வரை அவனுக்கு வேறு வேலை இல்லை. பிறகு அவனாகவே விழுவான். எனக்கு எதிரியாக நின்றவர் சர்க்கரை நோயுள்ள மளிகைக் கடைக்காரர். நான் கையைத் தூக்கும்போதே பாயைத் தடவிப் பார்த்து உட்கார ஆரம்பித்துவிடுவார். அவரை வீழ்த்தி வீழ்த்தி எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒருநாள் கேட்டேன். “மாஸ்டர், பின்னாடி இருந்து மண்டையில தட்டினா?”

“அது அடுத்த லெவல்.”

“எப்ப வரும்?”

“மொதல்ல மூச்ச வயித்துக்கு எறக்குங்க.”

மாதக்கணக்கில் இறக்கினேன். முனிராஜு தட்டிக்கொண்டேதான் இருந்தார். மறந்தும்கூட மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. பொறுமை போய், ஒரு திங்கட்கிழமை ஓடுகிற பஸ்ஸில் எழுந்து, அவர் பக்கம் திரும்பி, கையை நீட்டினேன்.

“புடிங்க.”

“எதுக்கு குரு?”

“சும்மா புடிச்சுப் பாருங்க.”

பிடித்தார்.

“இந்தக் கை இல்லீங்க. வலது கையால.”

(தானே சண்டைக்கு இழுத்தவனை ‘ங்க’ போட்டுத் திருத்திய வீரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) மரியாதையாக மாற்றிப் பிடித்தார். சுழற்றினேன். கை அங்கேயே இருந்தது, நான்தான் சுழன்றேன். அதே நேரம் டிரைவர் பிரேக் போட்டார். மல்லாந்து விழ இருந்த என்னைத் தாங்கியது அந்தப் பிடிதான்.

“அடுத்து என்னா பண்ணணும்?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார் முனிராஜு.

“நீங்க விழணும்.”

பஸ் சிரித்த சிரிப்பில் ஹார்ன் சத்தம் கேட்கவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “விட்டா நீதான் விழுவ” என்று, கம்பெனி வரைக்கும் பிடியை விடவே இல்லை. பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளையைக் கூட்டிப்போவது போல கேட்டுக்குள் நடத்திப் போனார். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

“என்னாச்சுண்ணா, மயக்கமா?”

“இல்லப்பா, குங்ஃபூ” என்றார் முனிராஜு.

மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, “அவன் புடிச்ச முறை தப்பு” என்றார். அதோடு வகுப்பிலிருந்து நின்றுவிட்டேன்.

மண்டையில் தட்டுவதும் அந்தத் திங்கட்கிழமையோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, பஸ்ஸை விட்டு இறங்கும்போது முனிராஜு தினமும் எனக்குக் கை கொடுக்கிறார். இதற்கு அந்தத் தட்டே தேவலையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கதை எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. இப்போதும் ஹைவேயைக் கடக்கும்போது என் மனைவி கையை நீட்டுவாள். நான் பிடிப்பேன். எதிரே லாரி வந்துகொண்டிருக்கும்.

“இந்தக் கை இல்லீங்க” என்பாள். “வலது கையால.”

மாற்றிப் பிடித்த பிறகுதான் நகர்வாள்.