டிரையலும் என் கட்டைவிரலும்

உலகத்தில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அது முதன்முதலில் கெட்டுப்போகிற ஊர் எங்கள் திருவொற்றியூர்தான். கெடுத்துக் காட்டுகிற ஆள் டிரையல். பெற்றவர்கள் வைத்த பெயர் அவன் ரேஷன் கார்டில் இருக்குமோ என்னவோ, தெருவில் யாருக்கும் தெரியாது. அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில், பெண்ணின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் நானே பேனாவால் ‘டிரையல்’ என்று எழுதி வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணம் என்று மறந்துபோயிருக்கும்.

ஹார்பரில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை அவனுக்கு. எந்தப் பாரமானாலும் முதலில் ஓர் அடி தூக்கச் சொல்வான். அப்படியே நிறுத்தி, சுற்றி வந்து, கயிறு கொக்கியெல்லாம் பார்த்த பிறகுதான் மேலே போகக் கை காட்டுவான். அவன் நின்ற ஷிப்டில் யார் தலையிலும் ஒரு மூட்டைகூட விழுந்ததில்லை. ரிட்டயர் ஆனவன் அந்தப் பழக்கத்தையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான்.

பிளாஸ்டிக் நாற்காலியை மூன்று முறை அமுக்கிப் பார்க்காமல் உட்கார மாட்டான். சாவு வீட்டிலும் அப்படித்தான். தோசையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, வயிறு என்ன சொல்கிறது என்று இரண்டு நிமிஷம் காத்திருப்பான். ஒருமுறை புதுக் கல்யாண மண்டபத்தில் லிஃப்ட் வைத்திருந்தார்கள். எட்டுப் பேர் ஏறலாம் என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் எட்டுப் பேரை உள்ளே நிறுத்தி, பாதியில் வெளியே இருந்த சுவிட்சை அணைத்து நிறுத்திவிட்டு, மாடிப்படியில் நின்று குனிந்து குனிந்து பார்த்தான்.

“டேய், அவுங்களை இறக்குடா! முகூர்த்தம் போவுது!” என்று கத்தினேன்.

“இரு அண்ணாத்தே. நம்ம ஆளுங்களை ஏத்தினா வெயிட்டு பத்தாது. இவுங்கதான் கரெக்டு.”

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். விம்கோ நகரில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கைப் பம்பு, இவ்வளவுதான் என் முதல். இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் மூன்று ஷட்டர் வைத்த டயர் கடை என்னுடையது. அந்த ரோட்டில் ஓடும் கண்டெய்னர் வண்டிகளில் பாதி, என் கையால் காற்று குடித்தவை. பஞ்சர் ஒட்டி ஒட்டி என் கட்டைவிரலில் ரேகை என்று ஒன்று கிடையாது. ஆதார் எடுக்க வந்தவர்கள் என் விரலை நாலு முறை துடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கண் என்றதும் சொல்கிறேன். என் மனைவி சரோஜாவுக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மீதி இருந்த ஒற்றைக் கண்ணின் கருவிழியும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துக்கொண்டே வந்தது. யாராவது இறந்தவர் தானமாகக் கொடுத்த விழி கிடைத்தால் மாற்றலாம் என்றார் டாக்டர். வரிசையில் பெயர் எழுதிவிட்டு வந்தோம். “எந்த நாளும் போன் வரும். ரெண்டு தடவை அடிப்போம். எடுக்கலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவோம்” என்று சொல்லியிருந்தார்கள். கொடுத்திருந்த நம்பர் என்னுடையது. பதினான்கு மாதமாக நான் குளிக்கப் போனாலும் போன் கூடவே வரும்.

இந்த நேரத்தில்தான் டிரையலுக்கு அவன் வாழ்நாளின் பெரிய அழைப்பு வந்தது.

போனுக்குள்ளே இருந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற ஒரு சமாச்சாரம் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். வண்டிக்கு இன்ஜின் மாதிரி. புதுசாக ஒன்று செய்தால், ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கு முன்னால், விருப்பமுள்ளவர்கள் போட்டுப் பார்த்துக் கோளாறு சொல்லலாம் என்று கம்பெனி கூப்பிடுமாம். அதற்குப் பெயர் பீட்டா. பந்திக்கு முன்னால் உப்புப் பார்க்கச் சொல்வதுதான், வேறொன்றுமில்லை. டிரையலின் போனில் அந்த அழைப்பு வந்ததும் அவன் என் கடைக்கு ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

“அண்ணாத்தே, டெஸ்ட் பண்ணித் தாங்கன்னு அவனே கேக்குறான்! இத்தினி வருஷம் நானா போயி டெஸ்ட் பண்ணேன், அல்லாரும் தொரத்துனீங்க!”

அன்றைக்கே போட்டுக்கொண்டான். மறுநாள் முதல் அவன் போனில் கேமராவைத் தட்டினால் டார்ச் எரிந்தது. காலை ஆறு மணி அலாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தது. வேறு ஒருவனாக இருந்தால் போனைக் கடலில் வீசியிருப்பான். இவன் புதையல் எடுத்தவன் மாதிரி திரிந்தான். ஒவ்வொரு கோளாறையும் ‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி, ‘இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்து, மனு எழுதி அனுப்பினான். கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு வரி நன்றி வந்தது. அது மெஷின் தானாக அனுப்புவது என்று மெடிக்கல் ஷாப்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டிரையல் அதை பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான்.

பிறகு அவன் பார்வை என் போன்மேல் விழுந்தது.

“என் போனு இங்கிலீஷ்ல கீது. தமிழ்ல வெச்சிகினு கீற ஆளு இந்த ரோட்லயே நீ ஒருத்தன்தான். குடு அண்ணாத்தே.”

“போடா. கண்ணாஸ்பத்திரி கால் வரும்.”

“காலெல்லாம் சோக்கா வருது. இருபது தபா அடிச்சிக் காட்றேன். இன்னொண்ணு, உன் கட்டைவெரலு மாதிரி ஒரு வெரலை கம்பெனிக்காரன் கண்ணால பாத்துருக்க மாட்டான். படிச்சவன் வெரலுக்கு அல்லாம் வேலை செய்யும். உன் வெரலுக்கு வேலை செஞ்சாதான் அது போனு. அவன் உனக்காகத்தான் காத்துகினு கீறான்.”

புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் இல்லை நான். ஆனால் உண்மையைச் சொன்னால் மறுக்க முடியுமா? போனைக் கொடுத்துவிட்டேன். அவன் போட்டான். என்னென்னவோ நம்பர்களை வேறு அழுத்தினான். இருபது முறை கூப்பிட்டுக் காட்டினான். இருபதும் எடுத்தேன்.

கடைக்கு மேலே மாடியில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சரோஜா கேட்டாள். “அந்தப் போனுக்குத்தானே ஆஸ்பத்திரிலேந்து பேசுவாங்க?”

“இன்னாத்துக்கு பயப்படுற? அல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சி.”

“யாரு, டிரையலா?” என்றாள்.

அன்றிலிருந்து டிரையல் தினமும் காலையில் எதிர்வாடை டீக்கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். என் கடையையே பார்த்தபடி, சாயங்காலம் ஷட்டர் இறக்கும்வரை. மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று எனக்கு எரிச்சல். கடையிலும் என்னவோ பேஜாரு. இரண்டு டிரைவர்கள் வந்து, “நீ போன்ல சொன்ன ரேட்டுக்குத்தான் டயரு வேணும்” என்று சண்டை போட்டார்கள். நான் அவர்களோடு பேசவே இல்லை. எனக்கு வயதாகிவிட்டதோ என்று முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது.

பதினோராவது நாள் காலை. போனைச் சார்ஜில் போட்டிருந்தேன். அது என்னைக் கேட்காமலே எதையோ இறக்கிக்கொண்டு அணைந்து எழுந்தது. சரோஜா டீ தம்ளரோடு கைப்பிடியைத் தடவித் தடவி மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. நம்பரின் கடைசி நாலு இலக்கம் எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி!

எடுக்கப் போனால் பச்சைப் பொத்தானைக் காணோம்.

அது இருக்க வேண்டிய இடத்தில் தமிழில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. அந்த எழுத்து உட்கார இடம் போதாமல், பச்சைப் பொத்தானைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளிவிட்டது. ஓரத்தில் நகம் அளவு பச்சை மட்டும் தெரிந்தது. நடுவில் சிவப்புப் பொத்தான் சட்டமாக உட்கார்ந்திருந்தது. என் கட்டைவிரலால் அந்த நகத்தை அழுத்தினேன், இழுத்தேன், தேய்த்தேன். நாற்பது வருஷம் லாரி டயரைக் கழற்றிய விரல் அந்தத் துண்டுப் பச்சையைப் பிடிக்க முடியாமல் வழுக்கியது.

“எடுய்யா, எடுய்யா” என்கிறாள் சரோஜா. படியிலேயே நின்றுவிட்டாள்.

மணி நின்றுபோனது. திருப்பிக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பொம்பளைக் குரல், நடுநடுவே புல்லாங்குழல். இவ்வளவு சம்பாதித்து, ஒரு போனை எடுக்கத் துப்பில்லாமல் இவள் பார்வையைத் தொலைத்துவிட்டேனே என்று, டயர் கழற்றும் கடப்பாரையைத் தூக்கிவிட்டேன். போனை உடைக்கவா, டிரையலை அடிக்கவா என்று எனக்கே தெரியவில்லை.

“அண்ணாத்தே!”

ரோட்டு நடுவில் டிரையல். ஒரு காதில் போன். இன்னொரு கையை உயர்த்தி, விரலை மூடிக் கிரேனை நிறுத்துகிற மாதிரி நிறுத்தினான் பாருங்கள், நாற்பதடி டிரெய்லர் ஒன்று பிரேக் அலற அப்படியே நின்றது. அதன் முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“சரிங்கம்மா, வூட்டு ஆளுதான் பேசுறேன். கெளம்பிட்டோம்மா. தண்ணிகூட குடுக்க மாட்டோம்மா” என்று போனில் சொல்லிக்கொண்டே சரோஜாவின் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினான். “அண்ணி, கண்ணு வந்துட்ச்சி! பன்னெண்டு மணிக்குள்ள அங்க இருக்கணும்!”

சரோஜா படியில் உட்கார்ந்து அழுதாள். நான் கடப்பாரையோடு நின்றேன்.

“உனக்கு எப்டிடா போன் வந்துச்சி?”

“அன்னிக்கே மாத்தி வெச்சிட்டேன். உன் போனு அடிச்சி நீ எடுக்கலன்னா என் போனுக்கு வந்துரும். ஸ்டெப்னி இல்லாம நீ வண்டிய ரோட்ல வுடுவியா? பதினோரு நாளா, வேற நம்பருன்னு நீ எடுக்காத காலெல்லாம் நான்தான் பேசிகினு கீறேன். ரெண்டு லாரிக்கு டயருகூட வித்துக் குடுத்தேனே!”

“ஏண்டா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அசால்ட்டா வுட்ருவ. அப்பறம் உன் வெரலை எப்டி டெஸ்ட் பண்றது?”

நான் போனைத் தரையில் அடிக்கக் கை ஓங்கினேன். பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

“ஒடச்சிடாத! மொதல்ல என் போன்லேந்து நீ அடி, உன் போனுக்கு. பட்டனு இல்லாததை உன் போனு ஸ்கிரீன்லயே ஒரு போட்டோ புடிச்சிக்குறேன். மனு எழுதணும்!”

மூன்று பேரும் காரில் போனோம். சரோஜாவை உள்ளே அழைத்துப் போனதும், வெளியே நாற்காலியை மூன்று முறை அமுக்கிவிட்டு உட்கார்ந்து, டிரையல் மனுவை எழுதினான். நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஐயா, வணக்கம். தமிழில் போன் வைத்திருப்பவரால் யார் கூப்பிட்டாலும் எடுக்க முடியவில்லை. பச்சைப் பொத்தான் வெளியே போய்விட்டது. போட்டோ இணைத்துள்ளேன். ஒரு அம்மாவின் கண் இன்று போயிருக்கும். உடனே உள்ளே கொண்டுவரவும்.’ அதைப் படித்துக் காட்டும்போதே அவன் கண் சொருகியது. அப்போதுதான் கவனித்தேன், பதினோரு நாளும் அவன் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். நான் டிரையலின் முதுகில் ஒரு அறை விட்டேன். மகிழ்ச்சியில்தான்.

இரண்டு வாரத்தில் பச்சைப் பொத்தான் முழுசாகத் திரும்பி வந்தது. அதே கோளாறை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள் என்கிறான் காலேஜ் படித்த என் மகன். எழுதியிருக்கட்டும். ஆயிரம் பேரில் என் விரல் எத்தனை பேருக்கு இருக்கிறது? இன்று தமிழில் போன் வைத்திருக்கிற உங்களால் ஹலோ சொல்ல முடிகிறதென்றால், அதற்கு யார் காரணம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சரோஜாவுக்குக் கட்டு அவிழ்த்ததும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. பனி விலகுகிற மாதிரி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்த டிரையலை மாடியிலிருந்து உற்றுப் பார்த்தாள்.

“இன்னா தம்பி, இப்டி எளைச்சிட்ட? வூட்ல யாரும் சோறு போடறதில்லையா?”

“நான் எப்பவும் இப்டித்தான் அண்ணி. உங்களுக்குத் தெரியல.”

“தெரியாம இருந்தப்ப சரி. இப்ப தெரியுதில்ல? மேல வா.”

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில்தான். குழம்பை நாக்கில் வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு எங்களை எல்லாம் காக்க வைக்கிறான். அவன் வரத் தாமதமானால் சரோஜா ஜன்னலில் நின்று, ரோட்டில் அவன் வருகிறானா என்று பார்த்துச் சொல்கிறாள். நானோ, இன்றைக்கு அவ்வளவாகப் பசியில்லை என்று சொல்லிக்கொண்டு, இலையை விரிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.