அவசரம் லேது

கம்பெனி வேன் நின்றுபோனால் பூவராகவன் வேலையை விடவேண்டியதுதான். குடியாத்தத்திலிருந்து சித்தூர் மாங்கூழ் கம்பெனிக்கு ரெண்டு பஸ் மாறி ஏற அவர் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. வாட்ச்மேனாகச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் குடியாத்தம் வேனை நிறுத்தப் போகிறார்கள் என்று ஷிப்டு முழுக்க அதே பேச்சு.

மகள் மோகனப்ரியா காலேஜ் பேச்சுப் போட்டியில் கப்பு வாங்கியவள்.

"கெஞ்சாத நைனா. வாதம் பண்ணு. எதிராளி இன்னா சொல்வான்னு மொதல்ல நீயே சொல்லிடணும். அப்பால ஒண்ணொண்ணா ஒடைக்கணும்."

"அவன் பேசவேண்டியத நான் ஏன்டி பேசணும்?"

"அதான் நைனா டெக்னிக்."

படித்ததுகள் டெக்னிக் என்றாலே பூவராகவன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஆனாலும் கப்பு வாங்கியவளாயிற்றே.

மறுநாள் மேனேஜர் ஹரிபாபு முன்னால் போய் நின்றார். கேன்டீன் லட்சுமம்மா அப்போதுதான் மேஜையில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். ஹரிபாபுவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பூவராகவனுக்குத் தெலுங்கு புரியவும் புரியாது, பேசவும் வராது.

"வேன் விஷயமா நாலு வார்த்தை பேசணும் சார். வெரசா முடிச்சிட்றேன்."

"அவசரம் லேது பெத்தாயனா" என்று சிரித்தபடி ஆரம்பித்து ஹரிபாபு மேலும் ஏதோ சொன்னார். மீதி காற்றோடு போயிற்று.

அவசரம் இல்லையாம். பூவராகவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வேனை நிறுத்தணும்னு சொல்றவங்க பக்கமும் ஞாயம் இருக்குது சார். பாதி சீட்டு காலி."

ஹரிபாபு நிமிர்ந்தார். "காலியா?"

"ஆமா சார். டிரைவரு தினமும் மாமியார் வூட்டாண்ட நிறுத்தி இட்லி துன்னுட்டுதான் வர்றாரு. ரொம்ப இழுக்கறேனா? சுருக்கிடட்டுமா?"

"அவசரம் லேதய்யா!" ஹரிபாபு கையை ஆட்டினார்.

லட்சுமம்மா கண்ணை உருட்டினாள். பேச்சு தூக்கலாக இருக்கிறது போல என்று பூவராகவனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"வண்டியும் ஓட்டை சார். பரதராமி மேட்டுல நாங்க எறங்கித் தள்ளிக்கினு வர்றோம். அதுக்கு நடந்தே வந்துடலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க."

ஹரிபாபு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மனுஷன் முகமே மாறிப்போயிருந்தது.

"இப்பதான் சார் என் பதிலு வருது..."

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. ஹரிபாபு எழுந்து பூவராகவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, போனை எடுத்து யாரிடமோ தெலுங்கில் பொரிந்தார். அதில் 'குடியாத்தம்', 'கேன்சல்' ரெண்டு மட்டும் பூவராகவனுக்கு நன்றாகவே புரிந்தது.

வெளியே வந்ததும் பொங்கினார்.

"பாத்தியா லட்சுமம்மா! அவசரமில்ல, அவசரமில்லன்னு சிரிச்சிக்கினே கழுத்த அறுத்துட்டான். நிறுத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுதான் உக்காந்துக்கினு இருந்திருக்கான்."

"அந்தாளு எங்கய்யா அறுத்தாரு?" லட்சுமம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம். வேன் நிக்காது, நீ பேசவே தேவையில்லன்னு தலபாடா அடிச்சிக்கினாரு!"